ஏழாம் நம்பர் தாள்

அத்தியாயம் 11

போன வாரம் இருதயநாதனைக் கீழ்புத்துப்பட்டுச் சவுக்குத் தோப்பில், கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில், ஒரு கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். அவன் தூங்கியிருப்பான் என்று நினைத்தவர்களுக்கு அவனைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை. விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டுக் கொட்டகைக்கு வந்தான். அவன் பெண்டாட்டி ஞானமேரி அதற்குள் ஏழெட்டுப் பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

மரக்காணம் உப்பளத்தில் இருவருக்கும் ஒரே கம்பெனி. அவன் பதினான்கு வருஷமாக அளத்தில் சூப்பர்வைசர். அவள் ஆறு வருஷமாக ஆபீசில் டைப்பிஸ்ட். வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவன்தான். ஐப்பசி மழையில் பாத்திகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. தை பிறக்கிற வரைக்கும் உப்பு வாருகிற வேலை இல்லை. சும்மா இருக்கிற நாளில் ஊழியர்கள் இரண்டு நாள் ஒன்றாக இருந்து, விளையாடி, ஒருவர் குணத்தை ஒருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று, பம்பாயில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி இந்த முகாமை ஏற்பாடு செய்திருந்தார்.

முதல் நாள் கயிறு இழுத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். எல்லாவற்றிலும் 'ஞானமேரியம்மா எங்க கட்சி' என்று இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள். இருதயநாதனை, எந்தப் பக்கம் ஆள் குறைந்ததோ அந்தப் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள்.

அவன் பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டிருப்பான். அவள் உள்ளே வந்தால் எல்லார் முகமும் மலர்கிறது. அவன் உள்ளே வந்தால் பீடியை அணைக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுதான் அவனை வருஷக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தது.

"வாங்க சூப்பர்வைசர், பொங்கல் ஆறிடப் போவுது," என்றான் லாரி லோடிங் பார்க்கிற கன்னியப்பன். "நேத்து உங்க ஊட்டம்மா சொன்ன தாசில்தார் கதையைக் கேட்டீங்களா? சிரிச்சு சிரிச்சு வயித்த வலியே வந்துடுச்சு."

"கேட்டிருக்கேன்."

கேட்காமல் என்ன? தாசில்தாரை அழைத்துக்கொண்டு போய்ப் பாத்திச் சேற்றில் முழங்கால் வரை இறங்கியவனே அவன்தான். போன வருஷம் அந்தக் கதையை இதே கன்னியப்பனிடம் சொன்னான். கன்னியப்பன் 'அப்படியா' என்று கேட்டுவிட்டு லாரிக்குத் தார்ப்பாய் கட்டப் போய்விட்டான்.

ஞானமேரி தட்டை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? தூங்கலியா?"

"கொசு."

"எங்க பக்கம் ஒண்ணுமே இல்லியே."

"உங்களை எதுக்குக் கடிக்கப் போவுது."

அவள் அவனை ஒரு நொடி பார்த்தாள். பிறகு யாரோ கூப்பிட, சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கடிதத்தைப் பற்றித் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பங்குனி மாதம் ஞானமேரி தம்பி குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வானூர் போயிருந்தபோது, சென்னைத் தலைமை ஆபீசிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதம் சென்னையில் பயிற்சி. முடித்து வந்தால் மரக்காணத்தில் உதவி மேனேஜர். இருதயநாதன் பிரித்துப் படித்தான். மறுபடி படித்தான். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'குடும்ப நிலைமை காரணமாக வர இயலாது' என்று எழுதி, கீழே அவள் கையெழுத்தைப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டான்.

அன்றிலிருந்து எட்டு மாதமாக அவன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. பங்குச் சாமியாருக்கு அவன் குரல் தெரியும். ஞானமேரியோ கோயில் பாட்டுக் குழுவில் முதல் வரிசை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்க எழுந்து போகும்போது அவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கேட்டால் வயிறு சரியில்லை என்பான். உதவி மேனேஜர் நாற்காலியும் அன்றிலிருந்து காலியாகவே கிடந்தது.

ஒன்பதரைக்கு ஹாலில் கரும்பலகையை நிறுத்திவைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த மனோதத்துவ நிபுணர் டாக்டர் சேஷகிரி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மனிதர்களில் நாலு ரகம் என்று ஆரம்பித்தார். முன்னே நடக்கிறவர், சேர்த்துக் கட்டுகிறவர், அளந்து பேசுகிறவர், ஒதுங்கி நிற்கிறவர். பலகையில் நாலு கட்டம் போட்டார்.

"இதுல உசத்தி, தாழ்த்தி கிடையாது," என்றார். யாரும் நம்பவில்லை. எல்லாரும் முதல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுகள் வந்தன. எடுத்த சீட்டில் என்ன நம்பரோ அதைத் தாளில் போட வேண்டும். பெயர் கூடாது. இருதயநாதனுக்கு ஏழு வந்தது. சைக்ளோஸ்டைல் எடுத்த தாளில் பத்துக் கேள்விகள் இருந்தன.

"மனசாட்சியைத் தொட்டு எழுதுங்க," என்றார் டாக்டர். "யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. மறைச்சா பிரயோஜனம் இல்லை. உள்ளே இருக்கறது வெளியே வந்தாத்தான் மனுஷனுக்கு லேசாகும்."

மற்றவர்களுக்கு இது ஒரு பரீட்சை. கன்னியப்பன் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். இருதயநாதனுக்கோ அது வேறு மாதிரி கேட்டது. ஏழு வயதில் உபதேசியார் புது நன்மைக்கு, முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு, தயார் செய்தபோது சொன்ன அதே வார்த்தைகள். மறைக்காதே. மறைத்தால் பலிக்காது. சொன்னால் லேசாகும். கேட்கிறவருக்கு நீ யார் என்று தெரியவேண்டியதில்லை. இந்த டாக்டர் நாளைக்குச் சென்னைக்குப் போய்விடுவார். அவருக்கு ஞானமேரி பாட்டும் தெரியாது, மரக்காணம் கோயிலும் தெரியாது.

தாளின் தலைப்பில் சின்னதாக ஒரு சிலுவை போட்டான். அது போடாமல் அவன் பால்காரனுக்குச் சீட்டுக்கூட எழுதமாட்டான். பிறகு எழுத ஆரம்பித்தான்.

முதல் இரண்டு கேள்விகள் பிடித்த சாப்பாடு, பொழுதுபோக்கு என்று சாதாரணமானவை. மூன்றாவது: 'உடன் வேலை செய்பவரைப் பிறர் புகழும்போது உங்கள் மனநிலை என்ன?'

'வயிறு எரிகிறது. புகழப்படுகிறவள் என் மனைவி,' என்று எழுதினான்.

ஆறாவது: 'மற்றொருவருக்குச் சேரவேண்டிய வாய்ப்பு உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?'

'வந்தது. கொடுக்கவில்லை.' பாவத்தைச் சொன்னால் போதாது, எத்தனை முறை, எந்தச் சூழ்நிலையில் என்றும் சொல்லவேண்டும் என்பது சின்ன வயதுப் பழக்கம். அதையும் எழுதினான். 'ஒரு முறை. அவள் வானூர் போயிருந்தபோது. அவள் கையெழுத்தை நானே போட்டேன்.'

பத்தாவது கேள்வி, 'நீங்கள் வருந்தும் செயல் ஒன்று.' அதற்கு விட்டிருந்த இடம் பற்றாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினான். கடிதம் எங்கே இருக்கிறது என்பது முதற்கொண்டு எழுதினான். கடைசியில், 'இவைகளுக்காகவும் நான் மறந்துபோன மற்றப் பாவங்களுக்காகவும் மனஸ்தாபப்படுகிறேன்' என்று முடித்துப் பேனாவை மூடினான். எட்டு மாதத்துக்கு அப்புறம் நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

டாக்டர் தாள்களை வாங்கிச் சீட்டுக் கட்டைப்போலக் கலைத்தார்.

"இப்போ ஆளுக்கு ஒண்ணு எடுங்க. அடுத்தவர் எழுதினதைச் சத்தமாப் படிக்கணும். நான் பலகையில குறிச்சுண்டு வருவேன். என்ன ரகம்னு எல்லாரும் சேர்ந்து சொல்லணும். அப்புறம் அந்த நம்பர்காரர் எழுந்து நிக்கணும்; யாருக்கும் தெரியாதுன்னு சொன்னது எழுதற வரைக்கும்தான். சாயங்காலம் படிச்சவர் தாளை எழுதினவர்கிட்டக் குடுத்துக் கைகுலுக்கணும். ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கறது அப்படித்தான்."

இருதயநாதன் எழுந்தான்.

"சார், என்னுது கொஞ்சம் திருத்தணும். குடுங்க சார்."

"திருத்தவே கூடாது சார். முதல்ல எழுதினதுதான் நிஜம். உக்காருங்க."

உட்கார்ந்தான். தாள்கள் கைமாறிக்கொண்டே போயின. எதிர் வரிசையில் ஞானமேரி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அதன் தலைப்பில் ஒரு சிலுவை இருந்தது.

முதலில் கன்னியப்பன் எழுந்து, ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற சுலோசனாவின் தாளைப் படித்தான். அவள் எல்லாக் கேள்விக்கும் 'மேலிடம் சொல்கிறபடி' என்று எழுதியிருந்தாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. அடுத்தது யார் என்று டாக்டர் கேட்டார். ஞானமேரி எழுந்தாள்.

முதல் இரண்டு பதில்களை அப்படியே படித்தாள். மூன்றாவது கேள்வியைப் படித்தாள். நிறுத்தினாள்.

"கையெழுத்துப் புரியலியாம்மா?"

"புரியுதுங்க. கொஞ்சம் தண்ணி."

பானையிலிருந்து மொண்டு கொடுத்தார்கள். முழுத் தம்ளரையும் நிதானமாகக் குடித்து முடித்தாள். இருதயநாதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"'ரொம்பச் சந்தோஷமாக இருக்கும். வீட்டுக்குப் போனதும் அவரைப் பற்றித்தான் பேசுவேன்,'" என்று படித்தாள் ஞானமேரி.

அவன் நிமிர்ந்து பார்த்தான். வேறு யாரோ சிலுவை போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. ஆறாவது கேள்வி வந்தது.

"'கையில் வைத்துக்கொள்ளமாட்டேன். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். நீ போய்விட்டு வா, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வேன்.'"

கோயிலில் பைபிள் நிருபம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பத்தாவது கேள்விக்கு வந்ததும் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை அவள் கண்கள் படிப்பதை இருதயநாதன் பார்த்தான். அவசரப்படாமல் படித்தாள். டாக்டர் இருமினார்.

"'ஒருவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்குத்தான் வருந்துகிறேன்.' அவ்ளோதாங்க."

டாக்டர் சேஷகிரி சாக்பீஸைக் கீழே வைத்தார். "முன்னே நடக்கறதும் சேர்த்துக் கட்டறதும் ஒரே ஆள்கிட்ட அமையறது அபூர்வம்," என்று சின்ன முதலாளியைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பதினைஞ்சு பேர்ல இவரை நான் எதிர்பார்க்கலை. யார் ஏழாம் நம்பர்?"

இருதயநாதன் எழுந்து நின்றான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கை தட்டினார்கள்.

"சூப்பர்வைசரா?" என்றான் கன்னியப்பன். "உள்ளுக்குள்ள இவ்ளோ நல்ல மனுஷனா நீங்க? பதினாலு வருஷமா சொல்லவே இல்லியே."

அவனைப் பார்த்து எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. எத்தனை நாள் ஏங்கியிருப்பான் இதற்கு. வந்தது, ருசிக்கவில்லை. அவர்கள் கை தட்டியது வேறு ஒருத்தனுக்கு. பெண்டாட்டியைப் புகழ்ந்தால் சந்தோஷப்படுகிறவன், கடிதம் வந்தால் அன்றைக்கே கொடுக்கிறவன், வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறவன். அந்த ஆள் மேல் இருதயநாதனுக்கு வயிறெரிந்தது. ஞானமேரிக்கு எப்படிப்பட்ட புருஷன் வேண்டியிருந்தது என்பதை, கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து, ஒரு ஹாலில் மற்றவர்களோடு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவள் குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் போய் நின்றான். சுற்றுமுற்றும் யாரும் இல்லை.

"மேரி."

"சொல்லுங்க."

"அந்தத் தாளைக் குடு."

"சாயங்காலம்தான் குடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு."

"மேரி, நான்..."

"கடுதாசி கோட்டுக்கு அடியிலதான் இருக்குதா இன்னும்?"

"இருக்குது."

"அந்த டிரங்குப் பெட்டியை வருஷா வருஷம் நான்தான் வெயில்ல வைக்கிறேன். கல்யாணக் கோட்டை மட்டும் எடுத்து உதறினதில்லை. மடிப்புக் கலைஞ்சா உங்களுக்குப் பிடிக்காதேன்னு." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "என் கையெழுத்தை எத்தினி வாட்டி எழுதிப் பழகினீங்க?"

"நாலஞ்சு வாட்டி."

"நல்லா வந்துச்சா?"

அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.

"உள்ளதை உள்ளபடி படிச்சிருக்கலாமே மேரி. ஏன் மாத்திப் படிச்சே? எனக்காகவா?"

"உங்களுக்காகன்னு யார் சொன்னது? படிச்சிருந்தா அத்தினி பேரும் என்னைப் பாவமாப் பாத்திருப்பாங்க. நாளைக்கு ஆபீசுல வந்து ஆறுதல் சொல்லுவாங்க. எனக்கு அது வேணாம்."

"திட்டிடு. என்னை ரெண்டு திட்டு திட்டிடு."

"திட்டினா உங்களுக்கு லேசாயிடும். அதுக்குத்தானே காலையில ரெண்டு பக்கமும் எழுதினீங்க." ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நான் சாமியார் இல்லீங்க, கேட்டுட்டு மன்னிச்சு அனுப்ப. அந்தக் கடுதாசி என் பேருக்கு வந்தது."

அவள் கண் அப்போதுதான் கலங்கியது. அதை அவன் பார்ப்பதற்குள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாலு மணிக்கு ஜீப் வந்து நின்றது. மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்ன முதலாளி இருதயநாதன் தோளில் கையைப் போட்டார். அதுவும் முதல் தடவைதான்.

"உதவி மேனேஜர் போஸ்ட் எட்டு மாசமா காலியா இருக்கு. உங்க சம்சாரத்துக்குத்தான் முதல்ல எழுதினோம். வரமுடியாதுன்னுட்டாங்க. டாக்டரும் நானும் பேசினோம். நீங்க பாருங்களேன். என்ன சொல்றீங்க?"

இல்லைங்க, அவளுக்கே கொடுங்க என்று சொல்லலாம். ஏழாம் நம்பர் தாளில் இருந்தவனாக இருந்தால் மூச்சு விடுவதற்குள் சொல்லியிருப்பான். இருதயநாதன் ஞானமேரியைப் பார்த்தான். அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆபீசில் அவள் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தான் மழைக்கோட்டோடு வாசலில் நிற்பது போல ஒரு காட்சி அவனுக்குள் ஓடியது. மனுஷனைத் தின்கிற எண்ணம் இந்த மாதிரி நேரத்தில்தான் முந்திக்கொண்டு வரும்.

"சரிங்க சார்," என்றான்.

ஞானமேரி முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது போலிருந்தது.

"சார்," என்றாள் முதலாளியிடம், "அந்த மெட்ராஸ் ட்ரெய்னிங் இப்பவும் இருக்குதுங்களா?"

"இருக்கே. அடுத்தது ஜனவரியில. ஏம்மா?"

"போன வாட்டி வரமுடியாமப் போச்சு. இந்த வாட்டி வர்றேங்க."

"வாங்க, வாங்க. கேளம்பாக்கம் அளத்துக்கும் ஒரு ஆள் வேணும். இங்க அவரு, அங்க நீங்க." சின்ன முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே ஏதோ நினைவு வந்தவர்போல இருதயநாதன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே? ரெண்டு பசங்க வேற இருக்காங்க."

"அவருக்கு என்னா சார் ஆட்சேபணை?" என்றான் கன்னியப்பன், ஜீப்புக்குள்ளிருந்து. "வீட்டை நான் பாத்துக்கறேன்னு எழுதியே குடுத்துட்டாரே."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"சந்தோஷம்தாங்க," என்றான் இருதயநாதன். கேளம்பாக்கத்தில் அவளுக்குத் தனி ரூம் கொடுப்பார்களா, தனக்கு இங்கே கொடுப்பார்களா என்று ஒரு மூலையில் அப்போதே கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

ஜீப் கிளம்பப் போகிற சமயம் டாக்டர் சேஷகிரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் வேகமாக வந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். ஏழாம் நம்பர் தாளைத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. எங்கிட்டக் குடுங்கோ. மெட்ராஸ்ல என் வகுப்புல அதை உதாரணமா வெச்சுக்கப் போறேன். சார், நீங்களும் ஒரு தடவை கண்ணால படிச்சுப் பாருங்கோ," என்றார் சின்ன முதலாளியிடம். அவரும் கையை நீட்டினார்.

ஞானமேரி மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள். நாலாக மடித்த தாள் மேலேயே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது அவர் எழுதினதுங்க," என்றாள். "அவர் குடுக்கச் சொன்னா குடுத்துடறேன்."

டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான். கன்னியப்பன், "சொல்லுங்க சூப்பர்வைசர், இதுக்கு என்னா யோசனை," என்றான். சின்ன முதலாளியின் கை நீட்டியபடியே இருந்தது.

சரி என்றால் இருதயநாதன் எழுதியது அத்தனையும் முதலாளி கண்ணில் படும்; வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஞானமேரி பையை மூடாமல், அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள்.